சானா அறைக்குத் தாழ்ப்பாள் கூடாது

உப்பளத்தில் ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறேன் என்று சொன்னதும் மேனேஜர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

"அப்போ சூடு தாங்குவீங்க," என்றார்.

"தாங்குவேன் சார்."

"நாளைக்கு வந்துடுங்க."

சுனாமிக்கு அடுத்த கோடை அது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிற கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு விடுதி கட்டியிருந்தார்கள். திறக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது கடல் வந்துவிட்டது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அலை தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்க அந்த வருடம் யாருக்கும் மனசு வரவில்லை. பன்னிரண்டு அறையும் காலி. அந்தக் காலி விடுதிக்கு எதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. படுக்கை விரிப்பு மடிக்க, தரை துடைக்க என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மேனேஜர் என்னைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு மர அறையைக் காட்டினார். உள்ளே ஆறு பேர் உட்காரலாம். படி மாதிரி இரண்டு அடுக்குப் பலகை, மூலையில் ஒரு கரண்ட் அடுப்பு, அடுப்பின் மேல் கருங்கற்கள், பக்கத்தில் ஒரு மர வாளியும் அகப்பையும். சுவரில் மணல் கடிகாரம் ஒன்று.

"இதுதான் சானா. எண்பது டிகிரி வரைக்கும் ஏறும். கெஸ்ட் உள்ள உட்கார்ந்து வேர்ப்பாங்க. நீங்க பார்த்துக்கணும்."

"எதுக்கு சார் வேர்க்கறாங்க?"

"உடம்புக்கு நல்லதுன்றாங்க," என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பக்கத்திலேயே நீராவி அறை என்று இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரில் அதன் குழாய்கள் முதல் வாரமே உப்புப் படிந்து அடைத்துக்கொண்டதால் அதைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

வீட்டில் போய் சானா ரூம் வேலை என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து, "சாணி ரூமா? எத்தினி மாடு?" என்று கேட்டார். மாடு இல்லை, மனுஷங்கதான் என்று விளக்கினேன். என் ஓர்ப்படி, அதாவது அவருடைய அண்ணன் பெண்டாட்டி, எனக்கு முன்னாலிருந்தே உப்பளத்துக்குப் போகிறவள். அவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கதவைச் சாத்திக்கினு வெயில்ல உக்காரணும், அதான?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லா விசாரிச்சியாடி?" என்றாள்.

அந்த அறையை நிறுவியவர் ஆரோவில் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. அறுபது வயது இருக்கும். வருடத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஊரில் பிறந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு சானா உண்டாம். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் பொம்மையார்பாளையத்துக் கொத்தனார்கள் என்பதால் மேனேஜரைவிட அவர் பேச்சுத்தான் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. ஒரு முழு நாள் எனக்குப் பாடம் எடுத்தார்.

"துண்ணுட்டு ஒடனே உள்ள போவக் கூடாது. குடிச்சிட்டுப் போவவே கூடாது. ஜொரம் இருந்தா வேணாம். மாசமா இருக்கறவங்க, ஹார்ட்டு, பிரஷர் இருக்கறவங்க டாக்டரக் கேட்டுக்கினு வரட்டும். போறதுக்கு முன்னாடி தண்ணி, வந்தப்புறம் தண்ணி. புரியுதா?"

"புரியுதும்மா."

"மொத மொத வர்றவங்க கீழ்ப் பலகைல உக்காரணும். சூடு மேல போவும், கீழ கம்மி. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் போதும். தலை சுத்துனா அப்பவே வெளிய. எழுந்துக்கும்போது மெதுவா. ஒண்டியா யாரும் போவக் கூடாது. தூங்கக் கூடாது. செயின், வளையல் எதுவும் வேணாம், சுட்டுடும்."

கடைசியாகக் கதவைத் தள்ளிக் காட்டினார். விரலால் தொட்டாலே அது வெளிப்பக்கம் திறந்தது. "இதுக்குத் தாப்பா கிடையாது. உள்ளயும் கூடாது, வெளியவும் கூடாது. மயக்கம் வந்தவன் இதுமேல சாஞ்சான்னா கதவு தானா தொறந்துக்கணும்."

நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். உப்பளத்தில் ஒன்பது வருடத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு நாள்கூடச் சொல்லித்தந்ததில்லை. உப்பு வாருகிற பலகையைக் கையில் கொடுத்தார்கள், வாரினேன், அவ்வளவுதான். வெயிலுக்கு இத்தனை சட்டம் இருப்பது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

பாடம் முடிந்த வாரமே அந்த அம்மா இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டார். "அங்க இப்பதான் கொஞ்சம் வெயில் வரும். போய்ப் பாத்துட்டு வர்றேன்," என்றார். இங்கே மே மாதம். நான் தலையாட்டினேன்.

போகும்போது மேனேஜரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். கடல் காற்றில் மரம் ஈரம் இழுத்துக்கொள்ளும், வாரத்துக்கு மூன்று நாளாவது அறையைச் சூடாக்க வேண்டும் என்று. சென்னையிலிருந்த முதலாளி இதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சும்மா எதற்குச் சூடாக்குகிறாய், ஆட்களை உட்கார வைத்துப் பழக்கு, போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டார். ஆட்களுக்கு எங்கே போவது? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஊர்ல யாராச்சும் வருவாங்களா?"

"கேட்டுப் பார்க்கறேன் சார்."

கேட்டேன். விடியும் முன்னே பாத்தியில் இறங்கி உச்சி வெயிலுக்குள் கரையேறுகிற பெண்கள் பதினோரு பேரிடம், வேலை முடித்ததும் வந்து ஒரு சூடான அறையில் சும்மா உட்காருங்கள் என்று கேட்டேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

போகிற போக்கில்தான் அதைச் சொன்னேன். "வெளிய வந்ததும் ஷவர்ல குளிக்கணும். அதுவும் ரூல்தான்."

"இன்னா தண்ணி?" என்றாள் ஓர்ப்படி.

"நல்ல தண்ணி. லாரில வர்றது."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். எங்கள் பக்கம் கிணற்றைத் தோண்டினால் உப்புக் கரிக்கும். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற ஒரு மணி நேரத்தில் குடம் பிடிக்கத்தான் முடியும், குளிக்க முடியாது. உப்பு வாரிய உடம்பை உப்புத் தண்ணீரில் கழுவுவதுதான் எங்கள் குளியல். கால் வெடிப்பில் அது ஏறுகிற எரிச்சல் தனி.

மறுநாள் பதினோரு பேரும் வந்தார்கள், மாற்றுப்புடவையோடு. நேராக ஷவருக்குப் போகப் பார்த்தவர்களை மேனேஜர் மறித்தார். சானாவில் உட்காருகிறவர்களுக்குத்தான் ஷவர், ரூல் ரூல்தான் என்றார். இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். முதலில் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கை கழுவப் போனவளைத் தடுத்தேன். கண்ணாடி வளையலைக்கூடக் கழற்றச் சொன்னேன். பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள், தேர்தலுக்கு ஓட்டுப் போடக் காத்திருப்பதுபோல.

மணல் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இறங்கியது. பிறகு ஓர்ப்படி சொன்னாள், "கண்ணு கூசல."

உண்மைதான். உப்பளத்தில் சூட்டைவிட வெளிச்சம்தான் ஆளைக் கொல்லும். வெள்ளை உப்பிலிருந்து கண்ணுக்குள் அடிக்கும். இங்கே மங்கலாக ஒரு விளக்கு, குனிய வேண்டாம், யாரும் அதட்டப் போவதில்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஒருத்தி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்கக் கூடாது என்று எழுப்பினேன். எட்டாவது நிமிடத்தில் எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். ஓர்ப்படி வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கறண்டி. உக்காந்தே ரொம்ப நாளாச்சு."

"அக்கா, இங்க யாரும் வீரம் காட்டக் கூடாது. எழுந்து வாங்க."

"வீரம் இல்லடி, முட்டி வலி," என்றாள். மெதுவாக எழுப்பிக் கூட்டிவந்தேன். உடனே ஷவருக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார வைத்து, இன்னொரு சொம்பு தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் விட்டேன். குளித்து முடித்து அவர்கள் வெளியே வந்தபோது எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி இருந்தார்கள். மேனேஜர் போட்டோ எடுத்தார். வாரத்துக்கு மூன்று நாள் அது நடந்தது.

விஷயம் மேஸ்திரியம்மாவுக்கு எட்டியது. எங்கள் உப்பள மேஸ்திரியின் மனைவி அவர். கனத்த உடம்பு, மாத்திரை சாப்பிடுகிற அளவுக்குப் பிரஷர். எடையைக் குறை என்று டாக்டர் சொல்லியிருந்தார், உப்பைக் குறை என்றும் சொல்லியிருந்தார். வாசலில் மலை மாதிரி உப்பைக் குவித்து வைத்திருக்கிற வீட்டில் அவர் மட்டும் உப்பில்லாமல் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் விடுதிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, உள்ள உக்காந்தா கொழுப்பு உருகிடுமாமே."

"அப்பிடியெல்லாம் இல்லம்மா. வேர்வைதான் போவும்."

"நெய்யி உருகுதா இல்லியா? கொழுப்பும் அது மாதிரிதான?"

பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது என்றேன். நேற்று வரை தன் புருஷனிடம் கூலி வாங்கியவள் தனக்குச் சட்டம் சொல்வதை அவரால் நம்ப முடியவில்லை. மேனேஜரிடம் போனார். மேனேஜருக்கு மேஸ்திரியின் தயவு தேவை, தண்ணீர் லாரி அவர் சொன்னால்தான் வரும். "ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுடுங்களேன்," என்று என்னிடம் கெஞ்சினார். நான் நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். வெள்ளைக்கார அம்மா சொல்லி நான் எழுதியது அது. என் கையெழுத்துத்தான், ஆனாலும் மேனேஜர் அதற்குப் பயந்தார்.

மேஸ்திரியம்மா டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் நல்லவர். இவர் விடமாட்டார் என்று தெரிந்துகொண்டு, மாத்திரையை நிறுத்தாதே, தனியாகப் போகாதே, அடிப் பலகையில் ஐந்தே நிமிடம் என்று வாயால் சொல்லிவிட்டு, சீட்டில் ஆங்கிலத்தில் சானா, ஐந்து நிமிடம் என்று எழுதிக் கொடுத்தார். சீட்டு என்று ஒன்று இருந்தால் மருந்துக் கடைக்குப் போவதுதானே வழக்கம். மேஸ்திரியம்மா போனார். கடைக்காரர் அந்தக் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு சோனாமுகிச் சூரணம் ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தார். பேதிக்குக் கொடுப்பது அது. மேஸ்திரியம்மா ஐந்து ஸ்பூன் சாப்பிட்டார்.

மூன்று நாள் கழித்து, கண் உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"உள்ள உக்காராமலே ரெண்டு கிலோ போயிடுச்சும்மா. நல்ல மருந்து."

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். உடம்பில் தண்ணீரே இல்லாத நிலையில் இப்போது உள்ளே விட முடியாது, ஒரு வாரம் கஞ்சியும் இளநீரும் குடித்துத் தேறி, டாக்டரிடம் மறுபடியும் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். டாக்டர் இந்த முறை போகலாம் என்று வாயால் மட்டும் சொன்னாராம், எதையும் எழுதித் தரவில்லையாம்.

அந்த ஒரு வாரத்தில்தான் தாழ்ப்பாள் வந்தது. பழுப்பு நிறத் தெருநாய் ஒன்று, சானா ஓடாத நேரத்தில் கதவு இடுக்கில் மூக்கை நுழைத்துத் திறந்துகொண்டு போய் மேல் பலகையில் படுத்துத் தூங்கியது. வாட்ச்மேன் இரண்டு முறை விரட்டினார். மூன்றாவது முறை கதவின் வெளிப்பக்கம் பெரிய இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை அடித்து வைத்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை, அது தச்சர் மறந்துபோன வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கழற்றச் சொன்னேன். மேனேஜரிடமும் சொன்னேன். "வெளிப்பக்கம்தானே, நாய் போகாம இருக்கட்டும்," என்றார் மேனேஜர். நான் ஒரு கந்தல் துணியால் தாழ்ப்பாளைச் சுற்றிக் கட்டி நகராமல் வைத்தேன். அது போதும் என்று நினைத்தது என் தப்பு.

மேஸ்திரியம்மா குறித்த நாளில் பத்தரை மணிக்கே வந்தார். உப்பளப் பெண்கள் பதினொன்றுக்கு வருவார்கள், அவர்கள் கண்ணில் படக் கூடாது என்று. மேனேஜர் புதுச்சேரிக்குப் போயிருந்தார். சூட்டை எழுபதிலேயே நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். நகைகளைக் கழற்றச் சொன்னேன். வளையல், தோடு, மூக்குத்தி, மோதிரம் எல்லாம் வந்தன. தாலிச் சங்கிலியில் வந்து நின்றது.

"இத எப்பிடிம்மா கழட்டறது? அந்த மனுசன் உசுரோட இருக்காரே."

"சுட்டுடும்மா. செயின் மொத்தமும் தங்கம்."

சட்டத்தில் இதற்கு வழி இல்லை. வெள்ளைக்கார அம்மாவுக்குத் தாலி ஞாபகம் வந்திருக்காது. ஐந்து நிமிடம் யோசித்தோம். கடைசியில் சங்கிலியைக் கழுத்திலேயே விட்டு, சுற்றிலும் ஈரத் துண்டைப் பந்தாகச் சுருட்டிக் கட்டினேன். கழுத்தில் சுளுக்கு விழுந்தவர் மாதிரி ஆனார். அடுத்து செருப்பு. யார் உள்ளே போனாலும் செருப்பை வாசலில் விடுவதுதான் வழக்கம், அதைப் பார்த்துத்தான் ஆள் இருப்பது தெரியும். மேஸ்திரியம்மாவுடையது புதுச்செருப்பு. நாய் கடித்துவிடும் என்று கையில் எடுத்துக்கொண்டார். "உன்னுதையும் எடுத்துக்கோம்மா, அதையும் ஏன் வுடற," என்றார். எடுத்துக்கொண்டேன்.

உள்ளே உட்கார்ந்ததும் மணல் கடிகாரத்தைத் திருப்பினேன். மேஸ்திரியம்மா கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைத் தடவிக் கொடுத்தார், உருகுவதற்கு உதவியாக. மூன்றாவது நிமிடம் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. வாட்ச்மேன். கந்தல் துணி அழுக்காக இருக்கிறது என்று துவைக்க அவிழ்த்திருக்கிறார். வாசலில் செருப்பு இல்லை. நாய் நினைவுக்கு வந்திருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் பிறகு அவர் சொல்லித் தெரிந்தது. உள்ளே எங்களுக்குக் கேட்டது ஒரு 'டக்'.

எழுந்து தள்ளினேன். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் தட்டினேன்.

கதவிடுக்கில் காதை வைத்தபோது, வெளியே வாட்ச்மேன் தோட்டக்காரரிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "ஒண்ணும் இல்லபா. சூட்டுல கட்டை முறியற சத்தம். மேனேஜர் சொல்லியிருக்காரு, அப்பிடித்தான் கேக்குமாம்."

"அண்ணே, நாங்க உள்ள இருக்கோம்," என்று கத்தினேன். சூட்டை வெளியே விடாமல் இருக்க வேண்டும் என்று நாலு விரல் தடிமனில் போட்ட கதவு அது. "இன்னிக்கு ரொம்ப முறியுது," என்றபடி இருவரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

மேஸ்திரியம்மா கண்ணைத் திறந்தார். "அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா. கதவு மாட்டிக்கிச்சு."

அவர் எழுந்துபோய் மணல் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "இப்ப மொதல்லருந்து அஞ்சு நிமிஷம்," என்றார். அதில் அவருக்கு நிஜமாகவே கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது. எனக்கு உள்ளங்கை சில்லென்று ஆனது. எழுபது டிகிரியில் கை சில்லிடும் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுப்பின் சுவிட்ச் வெளியே இருந்தது. அடுத்த நிமிடம் அவர் மர வாளியைத் தூக்கினார், அடுப்பில் கொட்டி அணைக்கலாம் என்று. பாய்ந்து பிடித்துக்கொண்டேன். கல்லில் தண்ணீர் விழுந்தால் ஆவி கிளம்பி இன்னும் வேகும், வாளி மொத்தமும் கொட்டினால் முகமே போய்விடும், அது கரண்ட் அடுப்பு வேறு. அவரைத் தரையில் உட்கார வைத்தேன். தரையில் சூடு பாதிகூட இல்லை. வாளித் தண்ணீரில் புடவை முந்தானையை நனைத்து அவர் தலையிலும் கழுத்திலும் போட்டேன். எதிர்ச்சுவரில் தரையோரமாகக் கையகலத்துக்கு ஒரு காற்றுத்துளை உண்டு. அதன் பலகையை நகர்த்தினேன். வெளிக்காற்று வந்தது. மே மாதத்துக் காற்று, ஊட்டிக் காற்றுபோல இருந்தது. இருவரும் குப்புறப் படுத்து ஆளுக்குப் பாதித் துளையில் மூக்கை வைத்துக்கொண்டோம்.

வெளியே நாய் நின்றிருந்தது. எங்கள் இரண்டு மூக்கையும் பார்த்தது. உட்கார்ந்துகொண்டது.

"யாரையாவது கூட்டினு வாப்பா," என்றார் மேஸ்திரியம்மா. நாய் தலையைச் சாய்த்துக் கேட்டது. "கண்ணு, ராசா, போய்க் கூட்டினு வாப்பா. தினம் மீன் குழம்பு ஊத்தறேன்." அவர் வீட்டு வேலையாட்கள் ஒருவரிடமும் அவர் இவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை. நாய் எங்களுக்கு முன்னால் நீட்டிப் படுத்து, தானும் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டது.

பேச்சை நிறுத்தவிடக் கூடாது என்று நான் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனை பிள்ளைகள், மூத்தவன் எங்கே வேலை. அவர் பதில் சொன்னார். குரல் தெளிவாக இருக்கிறவரை நல்லது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நிமிடத்துக்கொரு முறை ஊர்ந்துபோய்க் கதவைத் தட்டினேன். அவருக்கு ஏதாவது ஆனால் நான் ஊரில் இருக்க முடியாது என்பதைவிட, தாழ்ப்பாள் கூடாது என்று நோட்டில் எழுதிவைத்த கடைசி வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது துளையில் காலடிகள் தெரிந்தன. வெடித்த குதிகால், உப்பு காய்ந்து வெள்ளை கட்டிய கொலுசு. ஓர்ப்படி.

"அக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு மூக்கையும் பார்த்து முகம் மலர்ந்தாள். "இன்னாடி, படுத்தே பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. நாங்க வெயிட் பண்றோம்."

"அக்கா, கதவு..."

"அவசரமில்லடி. நீ சொன்ன மாதிரியே வரிசையா உக்காந்துட்டோம்."

"தாப்பா போட்டிருக்குது அக்கா. தொறங்க."

அவள் சிரிப்பு நின்றது. ஓடுகிற சத்தம், அப்புறம் 'டக்'. வெளிச்சம் உள்ளே வந்தது.

மேஸ்திரியம்மா வெளிச்சத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். மெதுவாக என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கால் தள்ளாடிச் சாய்ந்தார். வாசலில் இருந்த நான்கு பெண்கள், தினமும் கூடை சுமக்கிறவர்கள், அவரை அப்படியே தாங்கி நிழலில் படுக்க வைத்தார்கள். காலைத் தூக்கி ஒரு கல்லின் மேல் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். ஒருத்தி மடியிலிருந்து உப்பு எடுத்து எலுமிச்சம்பழத்தோடு கரைத்துக்கொண்டு வந்தாள்.

"உப்பு வேணாம். டாக்டர் திட்டுவாரு," என்றார் மேஸ்திரியம்மா கண்ணை மூடியபடி. அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவர் புத்தி சரியாக இருந்தது. ஆனாலும் ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரை படுக்க வைத்து அனுப்பினார். இனி அந்தப் பக்கம் போகவே கூடாது என்று அவரிடமும், அனுப்பவே கூடாது என்று என்னிடமும் சொன்னார்.

மேஸ்திரி சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். வந்தது மேஸ்திரியம்மாதான், மறுநாள். டாக்டர் வீட்டு எடை மிஷினில் முதலில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்ததாம். அங்கே படுத்திருந்தபோது நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் பார்த்தால் ஏறிவிட்டதாம். "அந்தத் தண்ணிய நீ குடுக்காம இருந்திருந்தா?" என்று என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். போனதே தண்ணீர்தான், கொழுப்பு அல்ல என்று நான் எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை.

தாழ்ப்பாளை அன்றைக்கே ஓர்ப்படி ஒரு கல்லால் அடித்துக் கழற்றிக் கடல் பக்கம் வீசிவிட்டாள். வெள்ளைக்கார அம்மா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. வாட்ச்மேனை வெளியே நிறுத்தி, தான் உள்ளே போய், அடுப்பைப் போடாமல், கதவைத் தட்டிக் காட்டினார். உள்ளேயிருந்து ஆள் தட்டினால் எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியட்டும் என்றுதான்.

"கேட்டியா?" என்றார் வெளியே வந்து.

"கேட்டேம்மா. கட்டை முறியற மாதிரியேதான் இருக்குது," என்றார் வாட்ச்மேன். தன்மேல் தப்பில்லை என்று நிரூபணமானதில் அவருக்கு நிம்மதி. அந்த அம்மா உள்ளே ஒரு அழைப்பு மணிப் பொத்தான் வைக்கச் சொன்னார். தாலியைப் பற்றி நான் கேட்டேன். ஈரத் துண்டு யோசனையை அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தபின் மார்கழியில் முதல் முறையாகப் பணம் கட்டுகிற விருந்தாளிகள் வந்தார்கள். உப்பளப் பெண்கள் இனி வரக் கூடாது என்று மேனேஜர் சொன்னார். ஓர்ப்படி அவரிடம் போய், சானா வேண்டாம், எங்களுக்கு அது பிடிக்கவும் இல்லை, தண்ணீரை மட்டும் விடுங்கள் என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்து, பின்சுவருக்கு வெளியே, பனை மட்டை தட்டி மறைத்து ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார். மரம் ஈரம் இழுக்காமல் காப்பாற்றியதற்கு நன்றி என்று அவர் சொன்னதாக ஓர்ப்படி சொன்னாள். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

மறு வருடக் கடைசியில் விடுதி கைமாறியது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனேன். புது முதலாளி சானாவைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் ஜெனரேட்டர் வைத்தார். பின்சுவருக்கு வெளியே இருந்த குழாயை யாரும் கவனிக்கவில்லை. அதனால் அது ரொம்ப நாள் இருந்தது.